ரீச்சரிடம் கேட்டவை: நேசிக்கிறவரைத்தான் சோதிப்பாரா?

தவக்காலம் வந்தால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் பிள்ளையின் படிப்பு, கலியாணம், கோயில் சபைச் சண்டை என்று எழுதுகிறவர்கள், தெருவில் சிலுவைப்பாதை தொடங்கிய கையோடு துன்பத்தைப் பற்றி எழுதுவார்கள். இந்த முறையும் அப்படித்தான். கத்தோலிக்கர், மெதடிஸ்த சபையார், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள், சைவப் பிள்ளைகள் என்று பலரும் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்டிருக்கிறார்கள். கடவுள் அன்பு என்றால் இத்தனை பாடு ஏன், பாடு இல்லாமல் அன்பு இல்லையா? ஆட்களை அடையாளம் காட்டுகிற விவரங்களை எடுத்துவிட்டேன், ஊர்ப் பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன். ஒரு கடிதத்தில் அதையும் எடுத்துவிட்டேன், ஏன் என்று வாசித்தால் விளங்கும்.

பாலையூற்றிலிருந்து ஒரு மருமகள்: ரீச்சர், என் மாமி பாரிசவாதம் வந்து படுத்து ஐந்து வருடம். அவருடைய மகன், அதாவது என் கணவர், கட்டாரில். நான் காலை நாலரைக்கு எழும்பி, மாமியைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு உளுந்துக் கஞ்சி ஊட்டத் தொடங்கினால் முக்கால் மணித்தியாலம் போகும். பாதியில் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். கோயிலில் அக்காமார் என்னைக் கண்டால், "கடவுள் யாரை நேசிக்கிறாரோ அவருக்குத்தான் துன்பத்தைக் கொடுப்பார், நீ கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள். அவர் என்னைக் கொஞ்சம் குறைவாக நேசித்தால் நான் ஒரு நாளாவது ஆறு மணி வரை நித்திரை கொள்ளலாமே என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது பாவமா?

பதில்: பாவமில்லை, தங்கச்சி. கடிதத்தை வாசித்து நான் முதலில் சிரித்தேன், பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அந்த அக்காமார் சொல்வது பைபிளில் இருக்கிற வசனம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எபிரேயருக்கு எழுதிய கடிதம், 12ஆம் அதிகாரம். அதுவும் நீதிமொழிகளிலிருந்து எடுத்த வரி. ஆனால் யாருக்கு எழுதினது என்று பார்க்க வேண்டும். விசுவாசத்துக்காக ஊர் நடுவே அவமானப்பட்டு, சொத்துப் பத்தைப் பறிகொடுத்து, இனிப் போதும் விட்டுவிடுவோம் என்று களைத்துப் போயிருந்த ஆட்களுக்கு. மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைபட்டுப் படுத்திருக்கிற ஒரு வயதான மனுசிக்கோ, அவரைப் பார்க்கிற மருமகளுக்கோ எழுதினதில்லை. ஒரு வசனத்தைப் பிடுங்கி வேறொரு வீட்டில் நட்டால் அது அங்கே முளைக்காது.

இயேசுவிடமே நேராக இதைக் கேட்டிருக்கிறார்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோதும் அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றார். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள், தன்னிடம் வந்த ஒரு நோயாளியிடமாவது "இது கடவுள் உனக்கு அன்பாகத் தந்தது, வைத்துக்கொள்" என்று அவர் சொன்னதே இல்லை. கண்டவுடன் சுகமாக்கத்தான் பார்த்தார். தனக்கு வந்தபோதும், பிடிபட்ட இரவில் கெத்சமனித் தோட்டத்தில், இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்றுதான் முதலில் கேட்டார். அவரே கேட்கலாம் என்றால் நீங்கள் ஆறு மணி வரை நித்திரை கேட்கலாம்.

பிறகு அன்புக்கும் துன்பத்துக்கும் என்ன தொடர்பு? குளத்தில் விழுந்தவனைத் தூக்கக் குதிக்கிறவனும் நனைவான், ஆனால் நனைவதற்காக அவன் குதிக்கவில்லை. கிறிஸ்தவம் சொல்கிற சிலுவை இவ்வளவுதான் என்பது என் எண்ணம். கடவுளுக்குப் பிடித்தது துன்பம் இல்லை, துன்பத்தில் கிடக்கிற ஆள். அந்த ஆளிடம் போகிற அன்புக்கு வழியில் அடிபடுகிறது. உங்கள் கையில் இருக்கிற கஞ்சிக் கரண்டி அன்பு. உங்கள் முதுகு வலி அதற்கு வந்த செலவு. செலவை யாராவது பங்கு போட முன்வந்தால் அன்பு குறைந்துவிடாது.

அதற்குத்தான் வருகிறேன். சிலுவைப்பாதையில் ஐந்தாம் தலம் என்ன? சீரேனே ஊர்ச் சீமோன். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மனுசன்; விரும்பி வரவில்லை, இயேசுவின் சிலுவையைத் தூக்கப் பிடித்து இழுத்துவிட்டார்கள். இயேசுவே தன் சிலுவையை முழுத் தூரமும் தனியாகச் சுமக்கவில்லை என்று வருடா வருடம் முழங்காலில் நின்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் ஒருத்தி ஐந்து வருடமாகத் தனியாகச் சுமப்பதைப் பார்த்து "கொடுத்து வைத்தவள்" என்று போவது எனக்கு விளங்கவில்லை. அந்த அக்காமாரில் இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஞாயிறு காலையில் ஒருவர், புதன் பின்னேரம் ஒருவர், இரண்டு மணித்தியாலம் மாமிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெட்கப்படாமல் கேளுங்கள். வரமாட்டோம் என்றால் பங்குத் தந்தையிடம் சொல்லுங்கள், அவருக்கும் இழுத்துவிடத் தெரியும்.

இன்னொன்று, 1984 பெப்ரவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் துன்பத்தைப் பற்றி ஒரு நீண்ட திருமடல் எழுதினார். தன் வயிற்றில் குண்டு பாய்ந்து மூன்று வருடம் ஆகாத மனிதர் எழுதினது. அதன் முடிவில் அவர் வந்து நிற்பது நல்ல சமாரியன் கதையில், அதாவது அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டு யார் நிற்கிறார்கள், யார் விலகிப் போகிறார்கள் என்பதில். உங்கள் வீட்டில் நிற்கிறவர் நீங்கள்; மற்றவர்களை நிற்க வைப்பதுதான் இனி வேலை. கட்டாரில் இருக்கிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், காசு அனுப்பினால் முடிந்தது என்று இல்லை.

தம்பலகாமம், உயர்தர மாணவர்: நான் சைவம். நண்பனோடு திருகோணமலையில் உள்ள மாதா பேராலயத்துக்கு வந்திருக்கிறேன். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இரத்தம் வழிய ஆணியில் தொங்குகிற ஒருவரை எப்படி நடுவில் வைத்துக் கும்பிடுகிறீர்கள்? மனதுக்குக் கஷ்டமாக இல்லையா?

பதில்: குறையாகவே இல்லை, தம்பி. கஷ்டமாகத்தான் இருந்தது, அதுவும் ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு உங்களைவிடக் கஷ்டம். ரோமர் காலத்தில் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் கொடுத்த கீழ்த்தரமான தண்டனை, தெருவோரத்தில் எல்லோரும் பார்க்க. ஆகவே முதல் நூற்றாண்டுகளில் அவர்கள் வரைந்தது ஆட்டைத் தோளில் தூக்கிய மேய்ப்பன், மீன், நங்கூரம். சிலுவையில் தொங்குகிறவரின் மிகப் பழைய படங்களில் ஒன்றை வரைந்தது யார் தெரியுமா? கேலி செய்தவன். ரோமில் பாலத்தீன் குன்றுச் சுவரில் ஒருவன் கீறி வைத்திருக்கிறான்: சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு உருவம், கீழே ஒருவன் கும்பிடுகிறான், "அலெக்சமேனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான்" என்று கிரேக்கத்தில் எழுத்து. யாரோ ஒரு அலெக்சமேனோஸை அவனுடைய கூட்டாளிகள் பகிடி பண்ணியிருக்கிறார்கள், இன்று வாட்ஸ்அப்பில் செய்வதைப் போலத்தான்.

பேரரசன் கொன்ஸ்தந்தீன் காலத்தோடு சிலுவைத் தண்டனை வழக்கொழிந்தது. அதைக் கண்ணால் கண்ட தலைமுறைகள் போன பிறகுதான் கிறிஸ்தவர்கள் அந்தக் காட்சியைப் பொது இடத்தில் வைக்கத் துணிந்தார்கள். ரோமில் சாந்தா சபீனா கோயிலின் மரக் கதவில் ஐந்தாம் நூற்றாண்டுச் செதுக்கல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் கண் திறந்து, தலை நிமிர்ந்து, வெற்றி பெற்றவராகத்தான் காட்டினார்கள். தலை சாய்ந்து, வயிறு சரிந்து, உண்மையிலேயே செத்துப்போன மனிதனாக ஆள் உயரத்தில் செதுக்கிய பழைய சிலையாக ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தில் இருப்பதைச் சொல்வார்கள், பத்தாம் நூற்றாண்டு. ஆகவே உங்கள் மனது சுளித்தது புதிதல்ல, கிறிஸ்தவர்களுக்கே பழக நூற்றுக்கணக்கான வருடம் எடுத்தது. இப்போதும் மெதடிஸ்த ஆலயத்துக்குப் போனால் வெறும் சிலுவைதான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அவர் உயிர்த்துவிட்டார் என்பதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு இது முழுக்க அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. கோணேசர் மலையில் நின்று கும்பிடுகிறீர்களே, அந்தச் சிவனுக்குக் கழுத்தில் ஏன் அந்த நீலம்? மற்றவர்கள் சாகாமல் இருக்கத் தான் நஞ்சை எடுத்துக் குடித்ததால். காப்பாற்றப் போனவரின் உடம்பில் அடையாளம் தங்கிவிட்டது, அந்த அடையாளத்தையே பேராக வைத்துக் கூப்பிடுகிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சிவன் நஞ்சைக் கழுத்தில் நிறுத்திவிட்டார், இயேசு செத்துப்போனார். எங்கள் கதை அந்த இடத்தில் வேறு பாதையில் போகிறது, அதை மழுப்பினால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்லை. உயிர்த்த பிறகும் அவர் கைகளில் காயம் இருந்தது, தோமாவுக்குக் காட்டினார் என்று யோவான் எழுதுகிறார். நாங்கள் கும்பிடுவது வலியை இல்லை, எங்களுக்காக வலிக்கு விலகி ஓடாத ஒருவரை. அடுத்த முறை வந்தால் நண்பனிடம் அலெக்சமேனோஸ் கதையைச் சொல்லுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஊர் வேண்டாம்: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார், பிள்ளைகளுக்கு முன்னால். எங்கள் சபையில் சொன்னேன். இயேசு அடிக்கப்படும் ஆட்டுக்குட்டி போல வாய் திறக்காமல் இருந்தார், நீயும் அன்பினால் பொறுத்துக்கொள், உன் பொறுமையைக் கண்டு அவர் இரட்சிக்கப்படுவார் என்றார்கள். இது என் சிலுவையா ரீச்சர்?

பதில்: இல்லை. இது குற்றம், செய்கிறவர் அவர்.

இயேசு வாய் திறக்கவில்லை என்று சொன்னவர்கள் யோவான் 18ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்கட்டும். பிரதான ஆசாரியனின் வீட்டில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு பேசாமல் நிற்கவில்லை. நான் பிழையாகப் பேசினால் பிழையைக் காட்டு, சரியாகப் பேசினால் ஏன் என்னை அடிக்கிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்டார். நாசரேத்தில் மலை விளிம்பிலிருந்து தள்ளப் பார்த்தபோது கூட்டத்துக்கு நடுவால் புகுந்து போய்விட்டார். கல்லெறிய வந்தபோது ஒளித்தார். அவர் குழந்தையாக இருந்தபோது ஏரோது கொல்லத் தேடினான். யோசேப்பு தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போனார். அதை யாரும் அன்புக் குறைவு என்று பிரசங்கம் பண்ணுவதில்லை. கடைசியில் அவர் பிடிபட்டது தானாக எடுத்த முடிவு, என் உயிரை ஒருவரும் பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்று சொன்னவர். உங்களிடம் யாரும் கேட்டுவிட்டு அடிக்கவில்லையே. பறிக்கப்படுவதற்குப் பெயர் தியாகம் இல்லை.

கணவரை நீங்கள் இன்னும் நேசிக்கலாம், அவருக்காக ஜெபிக்கலாம், அதை வேறு வீட்டிலிருந்தும் செய்யலாம். அவர் அடிக்க அடிக்க நிற்பதால் அவருக்கு நல்லது நடக்கும் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. அவரைத் தடுப்பதுதான் அவருக்கும் அன்பு. இப்போது செய்ய வேண்டியது: 1938 மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பிரிவில் முறைப்பாடு பதியுங்கள், பதிந்த இலக்கத்தை எழுதி வாங்குங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், நீங்களே மனுப் போடலாம். காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டி அவர்கள் எழுதி வைக்கும்படி பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள அட்டையும் அம்மா வீட்டில் இருக்கட்டும். இந்தப் பத்திரிகையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

திருக்கடலூர், ஒரு தாய்: என் மூத்தவன் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வேலைக்கென்று போனவன், வரவில்லை. அதற்கு முன்பே சுனாமியில் என் தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது. அவளைப் புதைத்தேன். இவனை என்ன செய்ய? பூசைக்குப் போகிறேன், கடவுள் அன்பாயிருக்கிறார் என்ற பாட்டு வந்தால் மட்டும் வாய் திறக்க வருவதில்லை.

பதில்: அம்மா, அந்தப் பாட்டுக்கு வாய் திறக்க வேண்டாம். மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் வந்து இருந்தால் போதும்.

விளக்கம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பைபிளில் வருகிற யோபு பிள்ளைகளை இழந்தபோது அவருடைய சிநேகிதர் மூன்று பேர் வந்தார்கள். ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள், அதுவரை நல்ல மனுசர். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள், அதோடு கெட்டது. கதை முடிவில் கடவுள் கோபித்தது அவர்களோடுதான்; ஏன் ஏன் என்று கத்திய யோபுவைச் சரி என்றார். சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் 22ஆம் சங்கீதம், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று. அதற்கு அந்த நேரத்தில் வானத்திலிருந்து பதில் வந்ததாக எந்த நற்செய்தியும் எழுதவில்லை.

வியாகுல மாதாவுக்கு ஏழு துயரம் என்று எண்ணுவோம். அதில் மூன்றாவது, பன்னிரண்டு வயது மகனை எருசலேமில் காணாமல் மூன்று நாள் தேடியது. கண்டுபிடித்த உடனே மரியாள் கடவுளுக்கு நன்றி என்று சொல்லவில்லை. மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்றுதான் கேட்டாள், எந்தத் தாயும் கேட்பதைப் போல. இதே சம்பவம் செபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவதாகவும் வருகிறது. காணாமல் போனது துயரத்தில், கண்டெடுத்தது சந்தோஷத்தில். உங்களை அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வைத்துவிட்டார்கள், அங்கே நிற்பதற்கு ஒரு செபமும் எழுதி வைக்கவில்லை. அடக்கம் செய்தவருக்கு முப்பத்தோராம் நாள் இருக்கிறது, வருட நினைவு இருக்கிறது. உங்களுக்குத் திகதியே இல்லை.

இந்த மறைமாவட்டத்துக்கும் அந்தக் காயம் தெரியும். யூஜின் ஹேபர்ட் சுவாமி, அமெரிக்காவில் லூசியானாவிலிருந்து வந்த யேசு சபைக் குரு, கிழக்கில் எத்தனையோ பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகிற வழியில் தன்னோடு வந்த இளைஞரோடு காணாமல் போனார். திருகோணமலையும் மட்டக்களப்பும் அப்போது ஒரே மறைமாவட்டம். அவர் நினைத்திருந்தால் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். இந்தச் சனத்தை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தார், அதற்கு விலை அது. இன்று வரை கல்லறை இல்லை. இதைச் சொல்வதால் உங்கள் மகன் வரப்போவதில்லை. கோயிலுக்குள்ளும் உங்களைப் போலத் திகதி இல்லாத ஒருவர் இருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன். மகனின் பிறந்தநாளுக்குப் பூசை ஒப்புக்கொடுங்கள். உயிரோடிருக்கிறவருக்கா செத்தவருக்கா என்று யாராவது கேட்டால், அவருக்கு என்று சொல்லுங்கள்.

உவர்மலை, மெதடிஸ்த வாலிபர்: கடவுள் மாறாதவர், எதுவும் அவரைத் தாக்காது என்று படிப்பிக்கிறார்கள். பிறகு கடவுள் நமக்காகத் துன்பப்பட்டார் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: சபைப் பிதாக்களே, அதாவது ஆதித் திருச்சபையின் பெரிய போதகர்களே, தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இது. கிரேக்கரின் தெய்வங்கள் கோபம், பொறாமை, ஆசை என்று மனிதரைவிட மோசமாக ஆடின. கடவுள் அப்படி இல்லை என்று சொல்லத்தான் எதுவும் அவரைத் தாக்காது என்றார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிதாவே சிலுவையில் செத்தார் என்று சொன்னவர்களை மூன்றாம் நூற்றாண்டிலேயே மறுத்துவிட்டார்கள். 431இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கத்தில், அலெக்சாந்திரியா ஆயர் சிரிலின் பக்கம் நின்று, கடவுளின் வார்த்தையானவரே, அதாவது மனிதனாக வந்த இயேசுவே, மாம்சத்தில் பாடுபட்டார் என்று ஒத்துக்கொண்டார்கள். தெய்வத் தன்மைக்கு வலியில்லை, ஆனால் வலிபட்டவர் தெய்வம்தான். முடிச்சு அவிழ்ந்ததா இறுகியதா என்று எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில், இரண்டு உலக யுத்தம் கண்ட பிறகு, பலருக்கு அந்தப் பதில் போதவில்லை. ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் நாசிகளின் சிறையிலிருந்து 1944இல் எழுதிய கடிதம் ஒன்றில், பாடுபடுகிற கடவுளால்தான் உதவ முடியும் என்று எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கில் போட்டார்கள். (அதே ஏப்ரல் 9, மூன்று வருடம் முந்தி, 1942இல், நமது துறைமுகத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. நிலாவெளி ரோட்டில் இருக்கிற யுத்த மயானத்தை உவர்மலைக்காரர் எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்பீர்கள்?) அந்த ஜப்பானிலிருந்தே, தோற்று எரிந்து கிடந்த 1946இல், கித்தாமோரி என்ற இறையியலாளர் கடவுளின் வலியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஜெர்மனியில் மோல்ட்மன் என்ற இறையியலாளர், பதினேழு வயதில் ஹம்பர்க் நகரக் குண்டுவீச்சில் பக்கத்தில் நின்ற கூட்டாளி செத்துப்போக, ஏன் நான் மட்டும் பிழைத்தேன் என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் கைதி முகாமில் பைபிளைத் திறந்தவர். சிலுவையில் மகன் பட்ட பாட்டில் பிதாவுக்கும் பங்கு உண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த பிதாவின் பாடு அது என்று அவர் வாதாடினார்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மனதால் மோல்ட்மன் பக்கம். "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்று சின்ன வகுப்பிலேயே பாடமாக்கிய சனம் நாங்கள். நேசிக்கிறவரின் கண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும் என்று வள்ளுவர் சொல்லிவிட்ட பிறகு, கண்ணீரே வராத ஒரு அன்பை எனக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். ஆனால் பழைய பிதாக்களை ஒரேயடியாகத் தள்ளியும் விட மாட்டேன். என்னோடு சேர்ந்து அழ மட்டும் தெரிந்த கடவுளால் எனக்கு என்ன பிரயோசனம்? செத்துப்போன சிநேகிதன் லாசருவின் கல்லறையில் இயேசு அழுதார், சரி. அப்புறம் அவனை உயிரோடு எழுப்பக் கல்லைப் புரட்டச் சொன்னார். இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது, ஒன்றை விட்டு மற்றதைப் பிடித்தால் கதை நொண்டும். உங்கள் போதகரிடம் இதைக் கேளுங்கள், நல்ல போதகராக இருந்தால் சந்தோஷப்படுவார்.

நிலாவெளி வாசகர்: தவக்காலத்தில் உடம்பை வருத்தினால்தான் ஆண்டவருடைய பாடுகளில் பங்கு என்கிறார் என் அண்ணர். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்.

பதில்: அதற்குப் பதிலாக என்ன சாப்பிடுகிறார் என்று எழுதவில்லையே. நம் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மாட்டிறைச்சியை விட்டுவிட்டு இறாலும் நண்டுமாகக் கறி வைத்து ஒறுத்தல் செய்கிறவர்கள் ஏராளம். இறைச்சியை விட்ட காசு எங்கே போனது என்பதைத்தான் ஏசாயா 58 கேட்கிறது: பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்வதல்லவா நான் விரும்புகிற உபவாசம் என்று. புனித யோசே வாஸ் அடிகளைப் பாருங்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தச் சனமே கைவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான குருவும் தங்கிக் கழுவித் துடைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். அவர் தன்னை வருத்த வழி தேடவில்லை, கைவிடப்பட்ட ஆட்களைத் தேடினார், வருத்தம் தானாக வந்தது. அண்ணரை ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வார்டில் ஆள் துணை இல்லாத நோயாளி ஒருவருக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சொல்லுங்கள். இறைச்சிக் கறியாகவே இருக்கட்டும், நோயாளிக்கு விலக்கு உண்டு.

அன்புவழிபுரம், 24 வயது: நான் வேதம் (கிறிஸ்தவன்), அவள் சைவம். இரண்டு வீட்டிலும் வெட்டுக் குத்து. அன்புக்காகப் பாடுபடுவதுதானே கிறிஸ்தவம்? அவளிடம், நீயும் ஞானஸ்நானம் எடுத்துவிடு, நாங்கள் இருவரும் சேர்ந்து சிலுவையைச் சுமப்போம் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

பதில்: முதல் பாதி சரி, தம்பி. இரண்டாம் பாதியில் சிலுவையைச் செய்து அவள் தோளில் வைத்துவிட்டு உங்களோடு சேர்த்துக் கணக்குக் காட்டுகிறீர்கள். அவளுக்கு விசுவாசம் வந்தால் அது அவளுக்கும் கடவுளுக்கும் இடையில். கலியாணத்துக்கு நுழைவுச் சீட்டாக ஞானஸ்நானம் கேட்பது அன்பும் இல்லை, மறையும் இல்லை. நீங்கள் கத்தோலிக்கர் என்றால், ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரிடம் விலக்குப் பெறலாம், திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பங்குத் தந்தையிடம் போய் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். அவள் தன் கோயிலுக்குப் போகலாம், திருநீறு பூசலாம். பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் தரப்பில் ஒரு வாக்குறுதி கேட்பார்கள், அதை அவளிடம் முன்கூட்டியே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் அது ஏமாற்று.

அவளுடைய அப்பாவிடம் பேச மாமாவை அனுப்பப் போகிறேன் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். மாமா வேண்டாம். நீங்களே போங்கள். ஏசுவார், கேட்டுக்கொண்டு இருங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், தராவிட்டால் அடுத்த கிழமையும் போங்கள்.